ஸ்பானிய மொழியின் ‘எச்சார்’ என்னும் வினை: சேலத்தில் கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் ஸ்பானியம் பயில்கிறவர்கள் தொடக்கப் பாடங்களைக் கடந்தவுடன் இடறுகிற வினைச்சொற்களில் ‘எச்சார்’ முதன்மையானது. அகராதியைத் திறந்தால் பொருள்கள் பத்தி பத்தியாக நீள்கின்றன. உரையாடலில் கேட்டாலோ அந்தப் பொருள்களில் எதுவும் பொருந்தாததுபோல் தோன்றுகிறது. இந்த வினையைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒலிப்பு பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வழக்கைப் பின்பற்றியது.

‘எச்சார்’ என்பதன் நேர்ப்பொருள் என்ன?

எறிதல், வீசுதல், கொட்டுதல், வெளியே தள்ளுதல் ஆகியவை இதன் அடிப்படைப் பொருள்கள். எறிதலைக் குறிக்கும் ‘இயாக்தாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து இது வந்தது. ஜெட் விமானம் என்று நாம் சொல்லும் ‘ஜெட்’ கூட, பிரெஞ்சு வழியாக அதே வேரிலிருந்து வந்த சொல்தான். மீனவர் வலையை வீசுவதும், கப்பல் நங்கூரம் பாய்ச்சுவதும், ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவதும் ஸ்பானியத்தில் ‘எச்சார்’தான். வேலையிலிருந்து நீக்கப்பட்டவரைப் பற்றி ‘லோ எச்சாரோன்’ என்றால், ‘அவரைத் துரத்திவிட்டார்கள்’ என்று பொருள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே அசைவு. ஒருவர் தம் பிடியில் இருந்த ஒன்றை விடுவித்து, அது வேறோரிடம் போய்ச் சேரும்படி செய்கிறார். வேகமாக எறிந்தாலும் மெதுவாக ஊற்றினாலும், விடுவிப்பு நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

அப்படியானால் ‘எறி’ என்று மனப்பாடம் செய்துகொண்டால் போதாதா?

போதாது. நம் மாணவர்களில் பலர் ஸ்பானியத்தை ஆங்கிலப் பாடநூல்களின் வழியாகக் கற்கிறார்கள். அந்த நூல்கள் ‘எச்சார்’ என்பதற்கு ‘எறி’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை முதலில் கொடுத்துவிட்டு, மற்ற பயன்பாடுகளை எல்லாம் ‘மரபுத்தொடர்கள்’ என்று தனிப் பட்டியலில் ஒதுக்கிவிடுகின்றன. ஆங்கிலத்திலிருந்து வருபவருக்கு அந்தப் பட்டியல் உண்மையிலேயே புதிராகத்தான் இருக்கும். தமிழ் பேசுகிறவருக்கு அதில் பாதி புதிரே அல்ல, ஏனென்றால் நம்மிடம் ‘போடு’ இருக்கிறது.

மதியம் சாப்பிட்டபின் ஒரு குட்டித் தூக்கம் போடுகிறோம். அவர்கள் ‘எச்சார் உனா சியெஸ்தா’ என்கிறார்கள். வீட்டுக்குப் பூட்டுப் போடுவது ‘எச்சார் லா யாவே’. அங்கே பூட்டுக்குப் பதில் சாவி வருகிறது, வினை அதேதான். வண்டிக்குப் பெட்ரோல் போடுவது ‘எச்சார் கசோலினா’. கடிதத்தைத் தபால்பெட்டியில் போடுவதும், சாம்பாரில் உப்புப் போடுவதும், மாதக் கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போடுவதும், அடுத்தவர் மேல் பழியைப் போடுவதும், சீட்டாட்டம் ஒரு கை போடுவதும், வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதும், நாற்பது வயதில் தொப்பை போடுவதும்கூட ‘எச்சார்’தான். தொலைக்காட்சியில் இன்றைக்கு என்ன படம் போடுகிறார்கள் என்று நாம் கேட்பதை ஸ்பெயின் நாட்டவர் ‘கே பெலீக்குலா எச்சான்?’ என்று கேட்கிறார்கள். ஒருவரைப் பார்த்து, ‘இவருக்கு என்ன வயது போடலாம்?’ என்று மதிப்பிடுவதற்கும் அவர்கள் இதே வினையைத்தான் கையாளுகிறார்கள்.

இரு மொழிகளுக்கும் இடையே உறவு ஏதும் இல்லை. கையால் செய்கிற ஓர் எளிய வேலையைக் குறிக்கும் வினை, பெயர்ச்சொற்களோடு சேர்ந்து சேர்ந்து தன் சொந்த எடையை இழந்து, பெயர் சொல்லும் பொருளைச் சுமக்கிற வண்டியாக மாறுவது பல மொழிகளில் நடக்கிறது. அது ஸ்பானியத்திலும் தமிழிலும் ஏறத்தாழ ஒரே பாதையில் நடந்திருப்பது நமக்கு வாய்த்த வசதி. ஆகவே ‘எச்சார்’ என்றால் ‘போடு’ என்று தொடங்குங்கள்.

‘போடு’ பொருந்தாத இடத்தில் வேறு தமிழ்ச் சொல் எதையாவது நினைவில் வைக்கலாமா?

‘விடு’ என்பதை வையுங்கள். செடிகொடிகளும் நெருப்பும் உடலும் தாமாகவே வெளிப்படுத்துகிறவற்றுக்கு நாம் ‘விடு’ சேர்க்கிறோம்: வேர் விடுகிறது, துளிர் விடுகிறது, புகை விடுகிறது. ஸ்பானியம் இங்கெல்லாம் ‘எச்சார்’ சேர்க்கிறது. சேலம் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு தருகிற மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். கொலம்பியாவிலும் கரீபியன் தீவுகளிலும் அதை ‘யூக்கா’ என்றும், அர்ஜென்டினாவிலும் பராகுவேயிலும் ‘மந்தியோக்கா’ என்றும் சொல்கிறார்கள். நட்ட குச்சி வேர் விட்டுவிட்டது என்பதை அங்கே ‘எச்சோ ராயீசெஸ்’ என்பார்கள். ஒரு மனிதர் பிழைக்க வந்த ஊரிலேயே வீடு வாங்கிக் குடும்பத்தோடு நிலைத்துவிட்டால் அவரைப் பற்றியும் இதையே சொல்வார்கள். நாமும் ‘இங்கேயே வேர் விட்டுவிட்டார்’ என்போம்.

கோடை மழை விழுந்ததும் ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிச் செடி பூ விடுவது ‘எச்சார் ஃப்ளோர்’. மேலதிகாரி ஒருவருக்கு டோஸ் விடுவதும் ‘எச்சார் லா ப்ரோன்கா’தான்.

ஒலிப்பிலும் வினை வடிவங்களிலும் கவனிக்க வேண்டியது என்ன?

வடிவங்கள் முழுக்க ஒழுங்கானவை. எச்சோ என்றால் நான் போடுகிறேன், எச்சாஸ் என்றால் நீ போடுகிறாய், எச்சா என்றால் அவர் போடுகிறார், எச்சாமோஸ் என்றால் நாம் போடுகிறோம், எச்சான் என்றால் அவர்கள் போடுகிறார்கள். ‘நீங்கள்’ என்று மரியாதையாகச் சொல்வதற்கான ‘உஸ்தேத்’, படர்க்கை வடிவமான ‘எச்சா’வையே எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. ‘எச்சோ’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் நான் போடுகிறேன். கடைசி அசையை அழுத்தினால் அவர் போட்டார். தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது இதை எளிதில் தவறவிடும். எழுத்தில் கடைசி உயிரின் மேல் ஒரு சாய்கோடு இருக்கும். அதைத் தட்டச்சு செய்யாமல் விட்டால் ஆளும் மாறும், காலமும் மாறும்.

ஒலியில் நமக்குச் சாதகம் அதிகம். ஸ்பானியத்தின் தகர ஒலி நம் ‘த’ போலப் பல்லில் பிறப்பது. ஆங்கிலப் பழக்கத்தால் அதை ‘ட’ ஆக்கிவிடாமல் இருந்தால் போதும். நம்முடைய ‘ஞ’ அவர்களுடைய நெடுங்கணக்கில் தனி எழுத்தாகவே இருக்கிறது. ‘எச்சார்’ என்பதிலுள்ள சகரத்தை ‘பச்சை’ என்பதில் வருவதுபோல் சொல்லுங்கள், சற்றே சுருக்கமாக.

‘எச்சாலே’, ‘எச்செலே’ என்றெல்லாம் கேட்கிறோமே, ஈற்றிலுள்ள ‘லே’ எதற்கு?

இது நான்காம் வேற்றுமை. ‘ரசத்துக்கு உப்புப் போட்டாயா?’ என்று நாம் கேட்கும்போது ‘ரசத்துக்கு’ என்பதிலுள்ள ‘கு’ உருபு செய்கிற வேலையைத்தான் ‘லே’ செய்கிறது. அவர்கள் ‘லே எச்சாஸ்தே சால் ஆ லா சோப்பா?’ என்பார்கள். ‘லே’ என்றால் ‘அதற்கு’. ‘சோப்பா’ என்றால் சூப்பு. ‘அதற்கு, அந்தச் சூப்புக்கு’ என்று இரண்டு முறை வருவது நமக்கு மிகையாகத் தோன்றினாலும் அங்கே அதுதான் இயல்பு.

பயிற்சிக்கு உகந்த இடம் தட்டுவடை செட் விற்கிற தள்ளுவண்டி என்பது என் கருத்து. மாலை நேரத்தில் அஸ்தம்பட்டிப் பக்கமோ அம்மாபேட்டைப் பக்கமோ அந்த வண்டியின் முன் நின்று கடைக்காரரின் கையைப் பாருங்கள். ஒரு தட்டுவடையில் காரச் சட்னியைத் தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் கலந்ததை ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டு, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடுகிறார். சட்னியைத் தடவுவது ‘உந்தார்’. துருவலை அள்ளிப் போடுவது ‘எச்சார்’. மேல் தட்டுவடையை வைப்பது ‘போனேர்’. ‘இதுக்கு வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடுங்கண்ணா’ என்று நீங்கள் சொல்வது ஸ்பானியத்தில் ‘எச்செலே மாஸ் செபோயா’. நண்பரிடம் என்றால் ‘எச்சாலே’, மரியாதைக்குரியவரிடம் ‘எச்செலே’. ‘அண்ணா’ என்று உறவு சொல்லி அழைக்கிற நம் வழக்கம் அங்கே இல்லாததால், ‘ஆ’ என்பது ‘எ’ ஆகிற அந்தச் சிறு மாற்றமே மரியாதை முழுவதையும் தாங்குகிறது.

தமிழில் ‘போடு’ வருகிற இடத்தில் எல்லாம் ‘எச்சார்’ போடலாமா?

கூடாது. பெருவாரியான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

நம் ‘போடு’ மிக அகலமான சொல். அதன் பரப்பில் ஒரு பகுதிதான் ‘எச்சார்’ வசம் இருக்கிறது. இன்னொரு பெரும்பகுதி ‘போனேர்’ என்ற வினைக்குச் சொந்தம். பொருள் கையை விட்டுப் போய்க் கலந்துவிட்டால், சிதறினால், உள்ளே விழுந்தால் ‘எச்சார்’. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தால் ‘போனேர்’ என்று ஒரு முதற்கட்ட அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். சட்டை போடுவது, ஊசி போடுவது, கோழி முட்டை போடுவது ஆகிய எல்லாம் ‘போனேர்’. தொலைக்காட்சியைப் போடுவது ‘போனேர்’. தொலைக்காட்சியில் படம் போடுவது ‘எச்சார்’. சண்டை போடுவதற்கு ‘பெலேயார்’ என்றும், இஸ்திரி போடுவதற்கு ‘ப்லான்ச்சார்’ என்றும் தனி வினைகளே உண்டு.

ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் பிரேக் போடுவதற்குச் சாதாரணமாக ‘ஃப்ரேனார்’ என்பார்கள். மேலே போய்ச் சேர்ந்து, சரிவில் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுகிறாரே, அதுதான் ‘எச்சார் எல் ஃப்ரேனோ தே மானோ’. இரண்டுக்கும் நாம் ‘போடு’ என்ற ஒன்றையே சொல்வதால் இந்த வேறுபாடு நம் கண்ணுக்குப் படுவதில்லை.

இரு மொழியிலும் ஒரே பெயர்ச்சொல்லும் ஒரே வினையும் சேர்ந்தும், பொருள் மட்டும் வேறாக இருக்கிற தொடர்கள் உண்டா?

உண்டு. முற்றிலும் தெரியாத தொடரைக் கேட்டால் பொருள் என்ன என்று கேட்டுவிடுவோம்; தெரிந்ததுபோல் இருக்கிற தொடரைக் கேட்டால் கேட்காமலேயே தவறாகப் புரிந்துகொள்வோம். ஆகையால் இவற்றில் மற்றவற்றைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலாவது, பூ. ஒரு காரியத்தைத் தொடங்கலாமா வேண்டாமா என்று சாமி முன் பூப்போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். ஸ்பானியத்தில் ஒருவருக்கு ‘எச்சார் ஃப்ளோரெஸ்’ என்றால் அவரைப் புகழ்ந்து தள்ளுவது என்று பொருள். தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிறவரையும் இதே தொடரால் கிண்டல் செய்வார்கள். தெய்வத்தின் விருப்பம் அறிவதோடு இதற்குத் தொடர்பில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவெடுப்பதை அவர்கள் ‘எச்சார் ஆ சுவெர்த்தெஸ்’ என்கிறார்கள்.

இரண்டாவது, கண். ‘குழந்தை மேல் கண்ணு போடாதே’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவது கண்ணேறுக்காக. ‘எச்சார் எல் ஓஹோ’ என்பது சொல்லுக்குச் சொல் ‘கண்ணைப் போடு’ என்றாலும், ஒரு பொருளின் மீதோ ஆளின் மீதோ விருப்பம் வைத்து, எப்படியாவது கிடைக்க வேண்டும் என்று குறிவைப்பதையே குறிக்கிறது. கடைவீதியில் ஒரு கொலுசைப் பார்த்து மனத்துக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டால் அது ‘எச்சார் எல் ஓஹோ’. கண்ணேறு பற்றிய நம்பிக்கை அங்கேயும் இருக்கிறது. அதற்கு ‘மால் தே ஓஹோ’ என்று பெயர். முதலில் வரும் ‘மால்’, அதாவது ‘தீமை’, விடுபட்டால் கண்ணேறு ஆசையாகிவிடும்.

மூன்றாவது, மண். ‘பிழைப்பில் மண்ணைப் போட்டான்’ என்று நாம் சொன்னால் வாழ்வைக் கெடுத்தான் என்று பொருள். ஒரு விவகாரத்தின் மேல் ‘எச்சார் தியெர்ரா’, அதாவது மண் போடுதல், என்றால் அதைப் பற்றிப் பேச்சே எழாதபடி மூடி மறைத்தல். நாம் அதைச் சோற்றில் பூசணிக்காயை மறைப்பதாகச் சொல்வோம். ‘மேலதிகாரிகள் அந்தக் கணக்கின் மேல் மண் போட்டார்கள்’ என்று ஒரு ஸ்பானியச் செய்தியில் படித்து, நிறுவனம் நொடித்துவிட்டது என்று முடிவு கட்டினால் செய்தியே தலைகீழாகிவிடும்.

‘தே எச்சோ தே மேனோஸ்’ என்பதை ஏன் ‘உன்னைக் குறைவாக எறிகிறேன்’ என்று புரிந்துகொள்ளக் கூடாது?

சொல்லுக்குச் சொல் பார்த்தால் அப்படித்தான் வரும். ‘மேனோஸ்’ என்றால் குறைவு. ஆனால் இதன் பொருள், நீ அருகில் இல்லாதது எனக்கு ஏக்கமாக இருக்கிறது என்பது.

இதன் வரலாறு சுவையானது. போர்த்துகீசியத்திலும் கலீசியத்திலும் ‘அச்சார்’ என்றொரு வினை உண்டு. அதற்குக் ‘கண்டுபிடி’, ‘காண்’ என்று பொருள். ஒன்று குறைவதைக் காண்பது, இல்லாததை உணர்வது, ‘அச்சார் மேனோஸ்’. அந்தத் தொடர் ஸ்பானியத்துக்குள் வந்தபோது, பழக்கமில்லாத ‘அச்சார்’ காதுக்குப் பழகிய ‘எச்சார்’ ஆக மாறிவிட்டது. நடுவிலுள்ள ‘தே’ பின்னர் சேர்ந்தது. எனவே இந்தத் தொடரில் எறிதலும் இல்லை, போடுதலும் இல்லை. ‘போடு’ என்ற திறவுகோலை இங்கே கொண்டுவராதீர்கள்.

தமிழில் இதற்கு நெருக்கமானது ‘தேடுது’ என்பதுதான். ஊருக்குப் போன தாயை நினைத்துப் பிள்ளை சிணுங்கினால், ‘பிள்ளைக்கு அம்மாவைத் தேடிருச்சு’ என்கிறோம். நம் வழக்கு தேடுவதிலும் அவர்கள் வழக்கு காணாமையிலும் தொடங்கி, இரண்டும் ஒரே ஏக்கத்தில் வந்து நிற்கின்றன.

இலக்கணத்தில் ஒரு நுட்பம் உண்டு. ‘எச்சோ தே மேனோஸ் எல் கஃபே தே ஏற்காடு’ என்று காபியைச் சொல்லும்போது வராத ‘ஆ’, தாயைச் சொல்லும்போது ‘எச்சோ தே மேனோஸ் ஆ மி மாத்ரே’ என்று வந்துவிடுகிறது. ஆங்கில வழியில் கற்பவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுகிற இந்த ‘ஆ’, நம் ஐகார உருபின் நடத்தையை ஒத்தது. ‘படம் பார்த்தேன்’ என்று உருபில்லாமல் சொல்லலாம். ‘அம்மா பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது, ‘அம்மாவைப் பார்த்தேன்’ என்றே சொல்ல வேண்டும். உயர்திணைச் செயப்படுபொருளுக்கு அடையாளம் கட்டாயம் என்ற விதி இரு மொழிக்கும் பொதுவாக இருக்கிறது. அஃறிணையில் நாம் ‘அந்தப் படத்தைப் பார்த்தேன்’ என்று உருபு சேர்ப்பதுண்டு, அவர்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்பது மட்டும் வேறுபாடு.

‘எச்சார் ஆ கோர்ரேர்’ போன்ற தொடர்களில் இது துணைவினையா?

ஆம். ‘எச்சார் ஆ’ என்பதன் பின் நகர்வைக் குறிக்கும் வினை வந்தால், அந்தச் செயல் சட்டென்று தொடங்கியது என்று பொருள். ‘எச்சோ ஆ கோர்ரேர்’ என்றால் ஓட்டம் பிடித்தார். அழுகைக்கும் சிரிப்புக்கும் ‘எச்சார்சே’ என்ற தற்சுட்டு வடிவம் வரும்: ‘சே எச்சோ ஆ யோரார்’ என்றால் குபீரென்று அழத் தொடங்கினார். எல்லா வினைகளையும் இப்படிச் சேர்க்க முடியாது. ஓடு, நட, பற, அழு, சிரி போன்ற சிலவே வழக்கில் உள்ளன.

இங்கே கொங்கு வழக்குப் பேசுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சங்ககிரி, இடைப்பாடிப் பக்கம் ‘சாப்பிட்டுப்போட்டு வர்றேன்’, ‘சொல்லிப்போட்டேன்’ என்று ‘போடு’ துணைவினையாகத் தாராளமாக வருகிறது. அது செயல் முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. ஸ்பானியத் துணைவினையோ செயல் தொடங்கியதைக் காட்டுகிறது. ஒரே உருவகம் ஒரு மொழியில் முடிவுக்கும் இன்னொன்றில் தொடக்கத்துக்கும் போயிருக்கிறது. ‘ஓடிப்போட்டான்’ என்று மனத்தில் மொழிபெயர்த்தால் ஆள் ஊர் தாண்டியிருப்பார், ஸ்பானியத்திலோ அவர் இப்போதுதான் காலை எடுத்து வைத்திருப்பார்.

‘எச்சார் உனா மானோ’, ‘எச்சார் மானோ தே’ இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது கை கொடுத்து உதவுவது. இரண்டாவது, கைவசம் இருக்கிற ஒன்றை நாடுவது. செலவுக்குப் போதாமல் சேமிப்பில் கைவைப்பது இந்த வகை. ‘ஒரு’ என்னும் பொருள் தரும் ‘உனா’ இருக்கிறதா என்று பாருங்கள், அதுவே பிரிக்கிறது. கைகுலுக்குவதற்கு ‘தார் லா மானோ’ என்பதால், நம் ‘கை கொடு’ இருவேறு வினைகளாகப் பிரிகிறது.

‘எச்சார்சே’ என்று தனியாக வந்தால்?

படுத்துக்கொள்வது; கட்டிலில் உடம்பைப் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எச்சார்சே அத்ராஸ்’ என்றால் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது.

அடிக்கடி காதில் விழுகிற வேறு தொடர்கள் எவை?

‘எச்சார்சே ஆ பெர்தேர்’ என்பது உணவு கெட்டுப்போவது. திரிந்த பாலுக்கும் ஊசிப்போன சோற்றுக்கும் இதுவே. தற்சுட்டு இல்லாமல் ‘எச்சார் ஆ பெர்தேர்’ என்றால் ஒருவர் ஒன்றைக் கெடுப்பது. ‘எச்சார் என் காரா’ என்றால் ‘முகத்தில் எறிதல்’. செய்த உதவியையோ பழைய தவற்றையோ சொல்லிக் காட்டுவது. ‘எச்சார் லேஞா அல் ஃபுவேகோ’ என்பது தீயில் விறகு போடுவது. நாம் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறோம். ஓர் அறிவுரையை ‘கிழிந்த சாக்கில் போடாதே’ என்பார்கள், அதாவது அலட்சியமாக விட்டுவிடாதே. இது பெரும்பாலும் எதிர்மறையாகவே வரும்.

கைக்கு மிஞ்சிச் செலவழித்துத் திருமணமோ விருந்தோ நடத்துவதை ‘எச்சார் லா காசா போர் லா பென்த்தானா’ என்கிறார்கள், வீட்டையே சன்னல் வழியாக எறிவது என்று. மூன்றாம் கார்லோஸ் மன்னர் காலத்தில், 1763இல் ஸ்பெயினில் அரசு லாட்டரி தொடங்கியபின், பரிசு விழுந்தவர்கள் பழைய தட்டுமுட்டுகளைச் சன்னல் வழியாக வீசியதால் இத்தொடர் பிறந்தது என்பது மரபாகச் சொல்லப்படும் விளக்கம். நம் ஊர்க் கல்யாண மண்டபச் செலவுகளைப் பற்றிப் பேச மிகவும் பயன்படும்.

ஸ்பெயினுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் இதில் வேறுபாடு உண்டா?

கணிசமாக உண்டு. ‘தே மேனோஸ்’ சேர்ந்த ஏக்கத் தொடர் ஸ்பெயினில் அன்றாட வழக்கு. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ‘எக்ஸ்த்ரஞார்’ என்ற ஒற்றை வினையே போதும். படம் போடுவதற்கு ஸ்பெயினில் ‘எச்சார்’. அமெரிக்கப் பக்கம் ‘தார்’ அல்லது ‘பசார்’. குப்பையில் எறிவதற்குக் கொலம்பியாவிலும் பெருவிலும் ‘போத்தார்’ என்பதையும், ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் ‘தீரார்’ என்பதையும் கேட்கலாம். மெக்சிகோவில் மட்டும் நாள் முழுவதும் காதில் விழுவது ‘எச்சாலே கானாஸ்’. மனசு வைத்து உழைப்பைப் போடு என்று ஊக்குவிக்கிற சொல். வேலைக்காக மெக்சிகோ நிறுவனத்தோடு பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பொது இடத்தில் தவிர்க்க வேண்டிய தொடர் ஏதேனும் உண்டா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூசியைக் குறிக்கும் ‘போல்வோ’ என்ற பெயரோடு ‘எச்சார் உன்’ சேர்ந்தால், அது ஸ்பெயினில் உடலுறவைக் குறிக்கும் கொச்சை வழக்கு. தூசி தட்டுவதைச் சொல்ல ‘கித்தார் எல் போல்வோ’ என்று சொல்லுங்கள்.

எழுதும்போது முன்னால் ஊமை எழுத்து வருமா, வராதா?

வராது. ஸ்பானியத்தில் ‘ஆச்சே’ என்ற எழுத்து, அதாவது ஆங்கிலத்தின் ‘எச்’, ஒலிக்கப்படுவதில்லை. அதனால் ‘செய்’ என்று பொருள்படும் ‘அசேர்’ என்ற வினையின் இறந்தகால எச்சமும் ‘எச்சோ’ என்றே ஒலிக்கும், ஆனால் அதற்கு முன் ஆச்சே எழுதப்படும். இரண்டையும் குழப்பி எழுதுவது அம்மொழியில் பிறந்தவர்களிடமும் பரவலாகக் காணப்படும் பிழை. அதற்கென்றே அங்கே பள்ளிகளில் ஒரு வாசகம் சொல்லித் தருகிறார்கள்: ‘எல் பெர்போ எச்சார், லோ ப்ரிமேரோ கே எச்சா எஸ் லா ஆச்சே.’ எச்சார் என்னும் வினை முதன்முதலில் வெளியே துரத்துவது ஆச்சேயைத்தான் என்று பொருள். இலக்கண விதியை இவ்வளவு குறும்பாகச் சொல்கிற வாசகங்கள் குறைவு.

இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது?

வினையைத் தனியாகப் படிக்காதீர்கள். ‘எச்சார்’ என்று தலைப்பிட்டு அதன் கீழ் வரிசையாகப் பொருள்களை எழுதிய குறிப்பேடு தேர்வுக்கு முந்தைய இரவோடு பயனற்றுப்போகும். பெயரின் பக்கமிருந்து தொடங்குங்கள்: உப்பு என்ற சொல்லைக் கற்கும்போதே ‘எச்சார் சால்’, சாவி என்ற சொல்லைக் கற்கும்போதே ‘எச்சார் லா யாவே’. சமைக்கும்போதும் பூட்டும்போதும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ‘தே மேனோஸ்’ போன்று தமிழ்ச் சாயல் இல்லாத தொடர்களை மட்டும் தனியே எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல் நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு நீளாது. செர்வான்டெஸ் நிறுவனம் நடத்தும் ‘தேலே’ என்ற ஸ்பானிய மொழித்திறன் தேர்வை எழுத நினைப்பவர்கள், கேட்டல் பகுதியில் இத்தொடர்கள் விளக்கமின்றி வந்துபோகும் என்பதை எதிர்பார்த்துப் பயில வேண்டும்.

இதற்கு அடுத்து எந்த வினையைப் படிக்கலாம்?

‘போனேர்’. நம் ‘போடு’வின் மறுபாதி அதன் வசம் இருப்பதால், அதையும் சேர்த்துக் கற்றால்தான் எல்லைக்கோடு தெளிவாகும். அது ஒழுங்கற்ற வினை: ‘நான் வைக்கிறேன்’ என்பது ‘போங்கோ’ என்று வரும், எச்சம் ‘புயெஸ்தோ’. ‘போங்கோ’ என்று உரக்கச் சொல்லிப் பயிலும்போது பக்கத்து அறையிலிருந்து யாராவது ‘எங்கே போகச் சொல்கிறாய்?’ என்று கேட்டால், பொறுமையாக விளக்கிவிடுங்கள்.